திரையை நாம் இழுக்க வேண்டாம்

(ஆத்தூரில் கலைக் குழுத் தோழர்களுக்காக நடந்த இரண்டு நாள் பயிற்சி முகாமில், முதல் நாள் பிற்பகல் ஆற்றிய உரை)



காலையில் பறை அடிக்கவும் பாட்டுக் கட்டவும் தோழர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சத்தம் வசிஷ்ட நதிக் கரை வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது நமக்குக் கொடுத்திருக்கும் விஷயம் சத்தம் போட்டுப் பேசுகிற விஷயம் அல்ல. 'நான் ஆணா, பெண்ணா? என் மனம் யாரை நாடுகிறது?' என்று தனக்குள்ளேயே கேட்டுக் கேட்டுத் தவிக்கிறவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாடகமும் சித்திரமும் எப்படி மருந்தாகின்றன, அதே நாடகமும் சித்திரமும் எப்படி விஷமாகின்றன என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு மூத்த தோழர் கேட்டார்: "ஜவ்வரிசி ஆலையில் கூலி உயர்வு கேட்டு நிற்கிற நேரத்தில் இது என்னத்துக்கு?" நியாயமான கேள்விதான். இதற்கு நாம் பதில் சொல்லுவோம். ஆனால் அதற்கு முன்னால் நம்முடைய ஒரு குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் நம் நாடகக் குழுவில் ஒரு வாலிபர் இருந்தார். பெயர் வேண்டாம். தகப்பனார் மரவள்ளிக் கிழங்கு லாரியில் பாரம் ஏற்றி இறக்குகிறவர். வாலிபருக்கு நல்ல குரல். குழுவில் பெண்கள் அதிகம் இல்லாத காலம் அது. விதவைத் தாய், தறிக்காரர் மனைவி, வீட்டு வேலைக்காரி, எந்த வேஷமானாலும் அவர்தான். ஜனங்கள் கண்ணீர் விடுவார்கள். நாமும் மெச்சுவோம். நாடகம் முடிந்ததும் மற்றவர்கள் அரிதாரத்தைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். அவர் மட்டும் வேஷத்தைக் கலைக்காமல் மேடைக்குப் பின்னால் வெகு நேரம் உட்கார்ந்திருப்பார். "சீக்கிரம் கழுவிட்டு வாய்யா, வேன் போகணும்" என்று விரட்டுவோம். ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நாளும் நாம் கேட்டதில்லை.

பிறகு ஒரு புதிய நாடகம் போட்டோம். ஜனங்கள் அலுத்துப் போகாமல் இருக்க இடையில் ஒரு சிரிப்புக் காட்சி. கையைத் தட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒருவர் வந்து முதலாளியின் கணக்குப்பிள்ளையிடம் காசு கேட்கிறார். இவ்வளவுதான் காட்சி. அதற்கும் அவரையே போட்டோம். "இது மட்டும் வேண்டாம் தோழர்" என்று ஒத்திகையில் இரண்டு தடவை சொன்னார். "கலைஞன் என்றால் எந்த வேஷமும் கட்டணும்" என்று நாம் உபதேசம் செய்தோம். கட்டினார். மைதானமே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அவருடைய தகப்பனார் வந்தார். "பையன் போக்கு சரியில்லைங்க. நாலு எடம் தெரிஞ்சவங்க நீங்க, ஒரு பெரிய டாக்டருகிட்ட காட்டுங்க" என்றார். வெளியூரில் ஒரு மனநல வைத்தியரிடம் நாமே கூட்டிக்கொண்டு போனோம். தூக்க மாத்திரையும், கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையும் கிடைத்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டார். அரிதாரப் பெட்டியைத் துடைத்து, தூரிகைகளைக் கழுவி, ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இது நாம் செய்த காரியம். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் அவருக்கு என்ன லாபம்?

வெகு காலத்துக்குப் பிறகுதான் பக்கத்து நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்த எழுத்தாளர் அ.ரேவதியின் தன்வரலாற்றை நாம் படித்தோம். 2010இல் ஆங்கிலத்திலும், அடுத்த ஆண்டு 'வெள்ளை மொழி' என்று தமிழிலும் வெளிவந்த புத்தகம். சிறு வயதில் மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டிக்கொண்டு போனதை அதில் சொல்லுகிறார். ஊராரின் கண்ணுக்கு ஒரு பையன் வேஷம் கட்டியிருக்கிறான். கட்டியவருக்கோ அன்றைக்குத்தான் தான் தானாக இருப்பதாகத் தோன்றுகிறது. திரும்ப ஆண் உடைக்கு வந்தபோது அதுதான் வேஷமாகப் பட்டது. இதைப் படித்தபோதுதான், மேடைக்குப் பின்னால் அரிதாரத்தோடு உட்கார்ந்திருந்த நம் தோழர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது நமக்கு விளங்கியது. கலைக்க மனமில்லாமல் இருந்திருக்கிறார். நாம் வேனைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். தோழர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒருவர் தம்மை ஆணாக உணருகிறாரா, பெண்ணாக உணருகிறாரா, இரண்டிலும் அடங்காதவராக உணருகிறாரா என்பது ஒன்று. அவர் மனம் ஆணை நாடுகிறதா, பெண்ணை நாடுகிறதா என்பது வேறொன்று. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் முதலாவதைச் சேர்ந்தவை. தன்பால் ஈர்ப்பு என்பது இரண்டாவதைச் சேர்ந்தது. பெண் வேஷம் நன்றாகக் கட்டுகிறவரெல்லாம் திருநங்கை என்று எண்ணுவதும் மடமை. நம் ஜில்லாவின் தெருக்கூத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் திரௌபதி வேஷம் கட்டியிருக்கிறார்கள். விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வயலுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தொழில். இன்னொருவருக்கு அது மூச்சு. வெளியிலிருந்து பார்த்து இன்னார் இன்னது என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

'யாராலும் முடியாது' என்று நாம் சும்மா சொல்லவில்லை. நிபுணர்களே முயன்று தோற்றிருக்கிறார்கள். 1949இல் அமெரிக்காவில் கேரன் மேக்கோவர் என்ற மனோதத்துவ அம்மையார் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவரிடம் காகிதத்தைக் கொடுத்து 'ஓர் ஆளை வரை' என்று சொல்ல வேண்டும். ஆண் முதலில் பெண்ணை வரைந்தால், அல்லது பெண் முதலில் ஆணை வரைந்தால், அவருடைய பால் உணர்வில் குழப்பம் இருக்கக்கூடும் என்று அர்த்தம் செய்துகொள்ளலாமாம். மைக் கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையும், படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் சோதனையும் இதே வேலைக்குப் பயன்பட்டன. அந்தக் காலத்தில் சித்திரம் என்பது போலீஸ் விசாரணை மாதிரி. உன் கையாலேயே உன்னைக் காட்டிக் கொடு என்பதுதான் அதன் சாரம்.

இந்தப் பித்தலாட்டத்தை உடைத்தவரும் ஒரு பெண்மணியே. எவெலின் ஹூக்கர் என்று பெயர். தன்பால் ஈர்ப்புள்ள 30 ஆண்களையும், அப்படியல்லாத 30 ஆண்களையும் எடுத்துக்கொண்டார். வயது, புத்தித் திறன், படிப்பு மூன்றும் ஜோடி ஜோடியாகப் பொருந்தும்படி பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் மைக் கறைச் சோதனையையும் படக் கதைச் சோதனையையும் கொடுத்தார். பெயரை நீக்கிவிட்டு, விடைகளை அந்தத் துறையின் பெரிய நிபுணர்களிடம் வைத்தார். எவர் எந்தக் கூட்டம் என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றார். அவர்களால் பிரிக்க முடியவில்லை. இரு கூட்டத்தாரின் மன ஆரோக்கியத்திலும் வித்தியாசம் காண முடியவில்லை. 1957இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. 1973இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1990 மே 17 அன்று உலக சுகாதார ஸ்தாபனமும் எடுத்தது. நாம் நம் தோழரை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனதெல்லாம் இதற்குப் பின்னால்தான் என்பதைக் கவனியுங்கள். அறிவு நம் ஊருக்கு வந்து சேர பஸ் கிடைக்கவில்லை போலும்!

அப்படியானால் சித்திரமும் நாடகமும் பயனற்றவையா? இல்லை. சித்திரத்தை யார் பார்த்து யார் அர்த்தம் சொல்லுவது என்பதுதான் கேள்வி. வைத்தியர் பார்த்து அர்த்தம் சொன்னால் அது விசாரணை. வரைந்தவரே பார்த்து, வரைந்தவரே அர்த்தம் தேடினால் அது சிகிச்சை. கலை வழிச் சிகிச்சை என்ற துறை முழுவதும் இந்த ஒரு திருப்பத்தின் மேல்தான் நிற்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும். 'நான் பெண்' என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல் வெளியே போய்விடுகிறது, திரும்பப் பிடிக்க முடியாது. சொன்னவருக்கு அடி விழலாம். ஒரு காகிதத்தில் நீல நிறத்தில் ஒரு வீடு வரைந்து, அதில் ஜன்னல் இல்லாத ஓர் அறை வரைந்தால் அது யாரையும் காட்டிக் கொடுக்காது. ஆனால் வரைந்தவருக்குத் தெரியும். முகமூடி செய்வது இன்னொரு முறை. வெளிப்பக்கம் ஊர் பார்க்கும் முகம், உள்பக்கம் தான் மட்டும் அறிந்த முகம். இரண்டு பக்கமும் வர்ணம் தீட்ட வேண்டும். உள்பக்கத்தைக் காட்டுவதும் காட்டாததும் தீட்டியவர் இஷ்டம். பெரிய காகிதத்தில் படுக்க வைத்து உடம்பைச் சுற்றிக் கோடு போட்டு, எங்கே வலி, எங்கே பயம், எங்கே சந்தோஷம் என்று வர்ணம் நிரப்பும் முறையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்கள் தங்கள் கதையைச் சொல்ல இந்த முறை பயன்பட்டது. ஆனால் தன் உடம்பையே பகையாக உணருகிறவருக்கு அந்தக் கோடு முள்ளாகக் குத்தும். அவருக்கு மரமோ ஆறோ வரையச் சொல்லலாம். ஒரே அச்சில் எல்லோரையும் வார்க்கக் கூடாது.

நாடக வழியைத் திறந்தவர் மொரேனோ என்ற வைத்தியர். 1921இல் வியன்னாவில், எழுதிய வசனம் இல்லாத மேடையை ஆரம்பித்தார். பின்னால் அமெரிக்கா சென்று அதையே சிகிச்சை முறையாக வளர்த்தார். காலி நாற்காலி ஒன்றைப் போட்டு 'அதில் உன் தகப்பனார் இருக்கிறார், பேசு' என்பது அந்த வழி வந்தது. பிறகு நாற்காலியில் நீ உட்கார்ந்து தகப்பனாராகப் பதில் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் பயந்த ஒரு மனிதரின் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால், அவருக்கும் ஊரைப் பார்த்துப் பயம் இருப்பது சிலருக்குத் தெரிகிறது.

மூத்த தோழரின் கேள்விக்கு இங்கே பதில் வருகிறது. பிரேசில் நாட்டின் ஆகஸ்தோ போவால் நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர். ஒடுக்கப்பட்டோர் அரங்கம் என்பதை உருவாக்கியவர். ராணுவ ஆட்சி 1971இல் அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது. நாடு கடந்து வாழ்ந்தார். ஐரோப்பாவுக்கு வந்தபோது பயிற்சிக்கு வந்தவர்கள் தனிமை என்றார்கள், மனதில் வெறுமை என்றார்கள். போவாலுக்கு அலட்சியம். எங்கள் ஊரில் பசி, துப்பாக்கி, நீங்கள் இதைப் போய்க் கஷ்டம் என்கிறீர்களே என்று நினைத்தார். ஆனால் இந்த வசதியான தேசங்களில் அத்தனை பேர் தற்கொலை செய்துகொள்வதைப் பார்த்து அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். பாரிசில் தம் மனைவி செசிலியாவுடன் சேர்ந்து 1980களின் ஆரம்பத்தில் ஒரு பயிற்சி நடத்தினார். அதற்கு 'தலைக்குள் இருக்கும் போலீஸ்காரர்' என்று பெயர் வைத்தார். போலீஸ் மண்டைக்குள்ளே இருக்கிறது என்றால், அதன் தலைமை அலுவலகம் வெளியேதான் இருக்கும். அது எப்படி உள்ளே வந்தது என்று தேட வேண்டும் என்றார்.

மூத்த தோழரே, நம் தோழரின் தலைக்குள் இருந்த போலீஸ்காரர் யார்? தகப்பனார் ஒருவர், வைத்தியர் ஒருவர், சிரித்த மைதானம் ஒருவர். நாமும் அந்த ஸ்டேஷனில் உத்தியோகம் பார்த்திருக்கிறோம். ஆலையில் கூலி உயர்ந்தாலும், அந்த உயர்ந்த கூலியை வாங்க அவர் ஊரில் இல்லை.

இனி நம் மாகாணத்து அனுபவத்தைப் பார்ப்போம். 2000க்குப் பிறகான முதல் பத்தாண்டில் திருநங்கையர் சேர்ந்து 'கண்ணாடிக் கலைக் குழு' என்று ஒரு நாடகக் குழு அமைத்தார்கள். பிரியா பாபு அதில் முன்னணியில் இருந்தார். நாடக இயக்குநர் அ.மங்கை அவர்களோடு வேலை செய்தார். 'மனசின் அழைப்பு', 'உறையாத நினைவுகள்' என்ற நாடகங்கள் பிறந்தன. வேறு யாரோ எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்தவை அல்ல. அவரவர் வீட்டில் நடந்ததை அவரவர் சொல்லி, உடம்பால் காட்டிச் சேர்த்தவை. ரேவதியும் 'வெள்ளை மொழி'யைத் தனி ஆளாக மேடையில் நடித்தார். பின்னர் லிவிங் ஸ்மைல் வித்யா முதலானவர்கள் 'பன்மை' என்ற குழுவைத் தொடங்கினார்கள். திருநம்பியும் திருநங்கையரும் ஒரே மேடையில் நின்றார்கள். பொள்ளாச்சியைச் சேர்ந்த கல்கி சுப்ரமணியம் தம் 'சகோதரி' அமைப்பின் மூலம், திருநர்கள் தாங்கள் அனுபவித்த வன்கொடுமையைத் தங்கள் கைப்பட எழுதி, அதன் மேல் சிவப்பு நிறத்தில் கை பதித்த காகிதங்களைச் சுவர் நிறைய வைத்துக் காட்டினார். இவற்றை யாரும் வைத்தியசாலையில் நடத்தவில்லை. சிகிச்சை என்ற பெயர்ப் பலகையும் இல்லை. ஆனால் தன் கதையைத் தானே கையில் எடுப்பது அங்கே நடந்தது. சினிமா அறுபது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்த உருவத்தை அதற்கு உரியவர்களே பறித்துக்கொண்டார்கள்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஊரில் கேட்பார்கள். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் சம்மதித்துக்கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்றது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்வதைத் தடுக்க உத்தரவிட்டார். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், தமக்கே இந்த விஷயத்தில் அறியாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். நீதிபதிக்கு அதில் கௌரவக் குறைவு தோன்றவில்லை. நமக்கு ஏன் தோன்ற வேண்டும்? 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அந்த 'மாற்று' வைத்தியம் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. யாராவது தகப்பனார் 'டாக்டரிடம் காட்டுங்க' என்று வந்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் அவரை விரட்டாதீர்கள். அவரும் தவித்துப் போய்த்தான் வருகிறார்.

கூத்துப் பார்த்திருக்கிறீர்கள். வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் நின்று அவர் பாடுகிறார், சலங்கை மட்டும் தெரிகிறது. கட்டியங்காரன், வந்திருப்பது யார் என்று கேட்கிறான். இன்னார் என்று வேஷக்காரர்தான் சொல்லுகிறார். நேரம் வந்தபோது திரை விலகுகிறது. கட்டியங்காரன் ஊரிலேயே பெரிய வாயாடி, ராஜாவையே கிண்டல் செய்கிறவன். அவன்கூட 'நீ இன்னார்தான்' என்று முந்திக்கொண்டு சொல்லுவதில்லை. திரையைப் பிடித்து இழுப்பதும் இல்லை. சிகிச்சை செய்கிறவர் இருக்க வேண்டிய இடம் அந்தக் கட்டியங்காரனின் இடம். நாமோ சிரிப்புக் காட்சி போட்டுத் திரையைக் கிழித்தோம்.

நாளைக் காலையில் இரண்டு மணி நேரம் முகமூடிப் பயிற்சி இருக்கிறது. அதற்குச் சில ஏற்பாடுகள். நாம் வைத்தியர்கள் அல்ல, ஆகவே யாருக்கும் சிகிச்சை செய்யப் போவதில்லை. முகமூடியின் உள்பக்கத்தைக் காட்டும்படி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. போன்களை ஒரு பையில் போட்டுவிட வேண்டும். செய்ததை வீட்டுக்குக் கொண்டு போகவும் கிழித்துப் போடவும் செய்தவருக்கே உரிமை. அறையில் கேட்டது டீக்கடைக்குப் போகக் கூடாது, கட்சிக் கமிட்டிக்கும் வரக் கூடாது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் முகம் கழுவி, அவரவர் பெயரைச் சொல்லி, கொஞ்சம் நடந்துவிட்டு வர வேண்டும். வேஷத்தோடு யாரையும் அப்படியே தெருவில் விடக் கூடாது. ஆனால் கலைக்க நேரம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், வேன் காத்திருக்கட்டும். யாராவது உயிரை வெறுத்துப் பேசினால் அதை நாடகம் என்று எண்ணாமல், பக்கத்திலேயே இருந்து, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். அதைக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

நம் பழைய தோழரை மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் சேலம் பஸ் நிலையத்தில் பார்த்தோம். சேலை கட்டியிருந்தார். அவர்தான் முதலில் "தோழர்" என்று கூப்பிட்டார். 'அவர்' என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பது தமிழ் நமக்குச் செய்து வைத்த சௌகரியம் என்று அப்போது தோன்றியது. மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்க தோழர், அந்தச் சிரிப்பு சீனை இன்னும் போடறீங்களா?" என்று கேட்டார். எடுத்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லிவிட்டோம். அது உண்மை அல்ல. போன பொங்கலுக்குக் கெங்கவல்லிப் பக்கம் ஒரு கிராமத்தில் நம் குழு அதே காட்சியைப் போட்டிருக்கிறது. வேறொரு பையன் நடித்திருக்கிறான்.

நாடக நோட்டை இங்கே கொண்டு வந்திருக்கிறோம். அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்தாயிற்று. அந்த இடத்தில் வேஷம் மாற்றவும் தறியை மேடைக்கு நகர்த்தவும் ஏழு நிமிஷம் தேவைப்படுகிறது. அந்த ஏழு நிமிஷத்துக்கு என்ன காட்சி என்பதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவோம். இப்போது டீ வந்துவிட்டது.